வரக் கூடாத தவணை

மார்ச் 4, செவ்வாய்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. பாமசியில் அரை நாள் லீவு. பல் வலி என்று பொய் சொன்னேன். முதலாளி உடனே ஒரு பனடோல் அட்டையை நீட்டினார். நல்ல மனுசன், வெட்கமாகப் போயிற்று.

வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் புதுக்கடை நீதிமன்றம். லோயர் மிஸ்ஸின் அறை கோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், போட்டோகொப்பிக் கடைக்கு மேலே. படியெல்லாம் ஆட்கள். எல்லோர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் பை. என் பையில் கலியாணப் பதிவும் ஐடி கொப்பியும். மிஸ் என்னை விடச் சின்னவள், ஆனால் குரலில் என்னை விடக் களைப்பு.

இன்று தெரிந்துகொண்டவை:
– இரண்டு பேரும் பேசிப் பிரிகிறோம் என்றால் விவாகரத்து கிடையாது. ஒருவர் குற்றவாளியாக வேண்டும்.
– காரணம் மூன்றுதான். வேறு ஆளோடு தொடர்பு. கைவிட்டுப் போனது. கடைசி, ஆண்மை இல்லை என்பது.
– 'இந்த வீட்டில் ஒருத்தரும் கதைக்கிறதில்லை' என்பது காரணமே இல்லை.
– வீட்டை விட்டு வெளிக்கிட்டது நான். ஆகவே கைவிட்டுப் போனவள் நான்தான்!

சிரித்துவிட்டேன். மிஸ் சிரிக்கவில்லை. "அவர்தான் உங்களைப் போகப் பண்ணினார் எண்டு காட்டினா, அவர் கைவிட்ட மாதிரித்தான் சட்டம் பாக்கும். அப்பிடி ஏதும் நடந்ததா?"

"இல்லை மிஸ்."

"குடிப்பாரா? அடிச்சவரா?"

"பெருநாளுக்குக்கூடக் குடிக்க மாட்டார்."

"சத்தம் போட்டவரா? கதவை அடிச்சுச் சாத்தினவரா?"

"கதவு பழசு மிஸ். யார் சாத்தினாலும் அடிக்கும்."

பேனையை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "நான் பொய் எழுத மாட்டன், ஸ்டெல்லா. நீங்க சொல்லுறதைத்தான் எழுதுவன். வடிவா யோசிச்சிட்டு வாங்க."

அதாவது யோசித்துப் பொய்யை நான் கொண்டுவர வேண்டும்.

மார்ச் 5, புதன்

திருநீற்றுப் புதன். ஒருசந்தி நோன்பு. பசியில் தலைச்சுற்று.

பூசை முடிந்து அக்காவோடு தெஹிவளைக்கு நடந்தேன். அக்கா வழியெல்லாம் ஒரே பாட்டு. "கோடு டிவோஸ் தந்தாலும் கோயில் தராது. பாதர்ட்ட கேட்டியா? ஜெரி மாதிரி ஒரு புருசன் யாருக்குக் கிடைக்கும்? என்ர ஆளைப் பார், சம்பளம் எடுத்தா மூண்டு நாள் காணக் கிடைக்காது."

என்ன பதில் சொல்வது? போன வருசம் எனக்கு டெங்கு. அவரோடு இருந்த கொட்டாஞ்சேனை வீட்டில் கட்டிலோடு கிடந்தேன். ஜெரி தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு "வச்சிருக்கு" என்றார். அந்த நாள் முழுக்க எங்கள் வீட்டில் பேசப்பட்டது அந்த ஒரு சொல். மாலையில் துறைமுகத்து வேலையிலிருந்து வந்து டீவியைப் போட்டார். அடுத்த நாளும் அதே. தேத்தண்ணி தந்த மனுசனை எப்படிக் குறை சொல்வது? நான் செத்தால் "செத்திட்டா" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார் என்று நினைத்தேன். அப்போது வந்த பயம் இன்னும் போகவில்லை.

பிள்ளை இல்லை. அதுவும் காரணம் அல்ல. கேட்கிற எல்லோரும் அதைத்தான் காரணம் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

குழாயில் தண்ணீர் இல்லை. வீட்டுக்கார அன்ரி வாளியோடு வந்தவ, அறைக்குள்ளேயே இருந்துவிட்டா.

"பிள்ளை, குறை நினையாதையும். டிசம்பருக்குள்ள லண்டனில இருந்து மகளைப் பொம்பிளை பாக்க வருகினம். கீழ் அறையில ஆர் எண்டு கேப்பினம். விதவை எண்டாலும் சொல்லலாம், டிவோஸ் எடுத்தவ எண்டாலும் சொல்லலாம். புருசன் கொட்டாஞ்சேனையில குத்துக்கல்லு மாதிரி இருக்கேக்க, நீர் இஞ்ச தனிய... நான் என்னெண்டு சொல்லுறது?"

"கேஸ் போடப் போறன் அன்ரி."

"அப்ப கெதியாப் போடும். செப்டெம்பர் முடியுமட்டும் பாக்கிறன்."

இந்த அறை போனால் அக்கா வீட்டு ஹோல். அல்லது கொட்டாஞ்சேனை. இங்கே ஒரு ஜன்னல்தான், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. ஆனாலும் இரவில் ரேடியோவோடு நான் சத்தமாகப் பாடுகிறேன். நாற்பத்து நான்கு வயதில் கிடைத்த இந்த அறையை விட எனக்கு மனமில்லை. அவ்வளவுதான், வேறு பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

மார்ச் 22, சனி

ஜெரியைக் கண்டேன். காலி வீதி பேக்கரியில், உள் மேசை. அரை மணித்தியாலம் பிந்தி வந்தார். வழக்கம். சவரம் செய்திருந்தார், வழக்கம் அல்ல.

மிஸ் சொன்னதை எல்லாம் சொன்னேன். அவர் என்னைத் திட்டித் துரத்தியதாக எழுத வேண்டும். அழைப்பாணை வரும், கையெழுத்து வைத்து எடுக்க வேண்டும். பிறகு கோட்டுக்கு வரவே கூடாது. எதிர்த்துப் பேச ஆள் இல்லை என்றால் என்னை மட்டும் விசாரித்துத் தீர்ப்புத் தருவார்கள்.

"நான் உன்னைத் திட்டினனானா?"

"இல்லை. எழுத மட்டும்."

மீன் வைத்த மாலு பணிஸைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "அப்ப நான் என்ன செய்ய வேணும்?"

"ஒண்டும் செய்ய வேண்டாம். வராம இருந்தாச் சரி."

"சரி."

ஒன்றும் செய்யாமல் இருக்கிற வேலை. அதற்கு இவரை விட்டால் கொழும்பிலேயே ஆள் கிடையாது. வரும்போது பஸ்ஸில் எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஒருமுறையாவது "ஏன் ஸ்டெல்லா?" என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன், தெரியாது.

ஜூன் 13, வெள்ளி

அந்தோனியார் பெருநாள். கொச்சிக்கடையில் சனம் என்றால் சனம். மழை தூறி, மெழுகுதிரியெல்லாம் அணைந்து அணைந்து.

தேரில் அந்தோனியார் சுருவம் வரும்போது எதிர்ப் பக்கத்தில் ஜெரி. வெள்ளைச் சேட். ஒன்றாகக் காணக் கூடாது என்று மிஸ் சொல்லியிருக்கிறாள், யாராவது கோட்டில் சொல்லிவிடுவார்களாம். அதை நான் ஜெரிக்கும் சொல்லியிருந்தேன். என்னைக் கண்டதும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சட்டென்று மறுபக்கம் திரும்பி நின்றார். சுருவத்துக்கே முதுகு! பக்கத்தில் நின்ற மனுசி அவரை முறைத்தா. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இரவு போன். "கோட்டில இருந்து பிஸ்கால் ஆள் பேப்பர் கொண்டு வந்தவர். கையெழுத்து வச்சிட்டன். பாவம், மழையில நனைஞ்சு வந்தவர், குடிக்கப் பிளேன்ரீ குடுத்தன்."

"வாசிச்சனீங்களா?"

"சிங்களம்தானே. எனக்கு எங்க விளங்குது."

அந்தப் பேப்பரில் அவர் என்னைப் பிடித்துத் தள்ளியதாகவும் இருக்கிறது. மிஸ் கேட்டுக் கேட்டு, கடைசியில் நான்தான் "ஓம்" என்றேன்.

ஜூலை 24, வியாழன்

வழக்கின் முதல் தவணை. ஜெரி வரவில்லை. சொன்னபடி. மிஸ் சந்தோசப்பட்டு முதன்முறை என் தோளில் தட்டினாள். செப்டெம்பரில் தனி விசாரணை. அதில் நான் சாட்சிக் கூட்டில் ஏறிச் சொன்னால் போதும். தீர்ப்பு வந்து மூன்று மாதத்தில் முழுதாக முடியும்.

அன்ரியிடம் சொன்னேன். தட்டில் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வந்தது.

செப். 17, புதன்

நாளைக்கு. நித்திரை வராது.
– நீலச் சாரி, அயர்ன் பண்ணியாயிற்று.
– ஐடி.
– மிஸ் சொன்னது: கேட்டதற்கு மட்டும் பதில். அழுகை வந்தால் அழலாம், நல்லது.

அழுவதற்கு எதை நினைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். என்ன கேவலம்.

செப். 18, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், வேறு யாரிடம் சொல்ல?

எங்கள் வழக்கு வந்தது. வாசலில் நிற்கிறவர் பெயர்களைக் கூப்பிட்டார். என் பெயர். பிறகு ஜெரியின் முழுப் பெயர். பின் வாங்கிலிருந்து "ஓம், இருக்கிறன்" என்று ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தேன். கலியாணத்தில் போட்ட கோட் சூட். அவர்தான். என் அம்மாவின் அடக்கத்துக்குப் பிந்தி வந்த மனுசன், ஒரு ஆஸ்பத்திரிக்கு, ஒரு பிறந்தநாளுக்கு நேரத்துக்கு வராத மனுசன், வராதே என்று சொன்ன இடத்துக்கு எனக்கு முன்னமே வந்து உட்கார்ந்திருக்கிறார்!

நீதிபதி அவரை முன்னுக்கு வரச் சொன்னார். பேப்பரில் உள்ளதை மொழிபெயர்க்கிறவர் தமிழில் வாசித்தார். திட்டினார். தள்ளினார். துரத்தினார். ஜெரி கையைக் கட்டிக்கொண்டு கவனமாகக் கேட்டார், பூசையில் வாசகம் கேட்பது போல. தள்ளினார் என்ற இடத்தில் மட்டும் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"இது உண்மையா?"

"அப்பிடி எழுதினாச் சரி சேர். எனக்கு மறுப்பில்லை. நாங்க ரெண்டு பேரும் கதைச்சுத்தான் எழுதினது."

மிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

உதவி செய்வதாக நினைத்துச் சொன்னார். மனுசன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நீதிபதி மிஸ்ஸைக் கேட்டார், என்னைக் கேட்டார். பேசி வைத்துக்கொண்டு போட்ட வழக்கு என்று தள்ளுபடி. பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் எல்லாம் முடிந்தது.

வெளியே படியில் கத்தினேன். ஆட்கள் பார்க்கப் பார்க்கக் கத்தினேன். "ஏன் வந்தனீங்க? ஏன்? வர வேண்டாம் எண்டு எத்தனை தரம் சொன்னனான்?"

"நீ தனிய அந்தக் கூட்டில ஏறி நிப்பாய் எண்டு நினைச்சன். பின்னால ஒரு ஆள் இருந்தா நல்லம்தானே."

"அப்ப பேசாம இருந்திருக்கலாமே!"

"பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களே, ஸ்டெல்லா."

இதை அந்த வீட்டில் ஒரு நாள் செய்திருந்தால் போதும். ஒரே ஒரு நாள் எனக்குப் பின்னால் வந்து இருந்திருந்தால், நான் புதுக்கடைப் படியே ஏறியிருக்க மாட்டேன். அதை அவருக்குச் சொல்லவில்லை. சொல்லி இனி என்ன.

செப். 20, சனி

மிஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "அதே கதையை இனிக் கொண்டுபோக ஏலாது. அவரே சொல்லிப்போட்டார்."

"வேற வழி?"

"மூண்டாவது காரணம்..."

"வேண்டாம் மிஸ். அந்த மனுசனை நான் அப்பிடிச் சொல்ல மாட்டன்."

"அப்ப மிச்சம் ஒண்டுதான். அவருக்கு வேற தொடர்பு இருந்தால். உண்மையா இருந்தால். ஆர், என்ன பேர் எண்டு இல்லாம அந்தக் கேஸ் நிக்காது." பைலை மூடி என் பக்கம் தள்ளினாள். "ஒண்டும் இல்லையெண்டா, இப்பிடியே பிரிஞ்சு இருங்க. எத்தினையோ பேர் இருக்கினம்."

படியில் இறங்கும்போது ஜெரிக்குப் போன் போட்டு அப்படியே ஒப்புவித்தேன். கோபத்தில்தான். அவர் "ம்" என்றார்.

அன்ரிக்கு நான் சொல்ல முன்னமே தெரிந்திருந்தது. ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து அறையை வேறு பிள்ளைக்குப் பேசிவிட்டா. பாங்கில் வேலை, கலியாணமாகாத பிள்ளை.

செப். 28, ஞாயிறு

காலையிலிருந்து மழை. பூசைக்குப் போகவில்லை. இரண்டு சூட்கேஸ், ரேடியோ. மண்ணெண்ணெய் அடுப்பு அக்காவுக்கு. அக்கா ஹோலில் மெத்தை போட்டு வைத்திருக்கிறாவாம். அவ புருசன் டீவி பார்த்து முடிந்த பிறகுதான் படுக்கலாம்.

யோசித்துப் பார்த்தால் இனி ஒன்றும் இல்லை. கொட்டாஞ்சேனைக்கும் போக முடியாது, கோட்டுக்கும் போக முடியாது. சாகும் வரை ஐடியில் அவர் பெயரோடு அக்கா வீட்டு ஹோலில். சாமான் கட்டக் கட்ட அழுகை வந்தது. கோட்டில் வந்திருக்க வேண்டிய அழுகை.

பின்னேரம் ஜெரியின் போன். தானாக எடுத்தது, அதுவே அதிசயம்.

"அந்தப் பேர் விசயம், ஸ்டெல்லா. லோயர் கேட்டது."

"சொல்லுங்க."

"ஒரு கிழமையா யோசிச்சுப் பாத்தன். வேலையில, கோயில்ல, எங்கட சந்தில. சும்மா போடுறதுக்கு எண்டாலும்..." இருமினார். "எனக்கு உன்னைத் தவிர ஒரு பொம்பளையையும் தெரியாது. நீயே ஒரு பேர் சொல்லன்."