கிளம்பச் சொன்னவன் நான்

மேற்கு மாம்பலம்,
ஜூன் 9, திங்கள்.

அன்பு நண்பன் முத்துகிருஷ்ணனுக்கு,

கனகராஜ் எழுதிக்கொள்வது. உன் விலா எலும்பு ஓரளவு கூடிவிட்டதாக உன் வக்கீல் சொன்னார். இருமினால் மட்டும் வலிக்கிறதாமே. சிறையில் வெந்நீர் கேட்டால் தருவார்களா தெரியவில்லை. கேட்டுப் பார்.

நேற்று உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் சம்சாரம், தங்கச்சி சண்முகவடிவு தி. நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். “நாள் முச்சூடும் நின்னுக்கினே இருக்கணும்ணே, காலெல்லாம் வீங்கிப் பூடுது” என்றாள். உன் மகள் மதுமதி பிளஸ் டூ தேறிவிட்டாள். கல்லூரி விண்ணப்பத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தை மட்டும் நிரப்பாமல் வைத்திருந்தாள். ஓட்டுநர் என்று எழுதச் சொன்னேன். எழுதினாள். எனக்குக் காபி கொடுத்தார்கள். வாயில் வைக்க முடியவில்லை. காரணம் அவர்களுக்கு இன்னும் தெரியாது.

இந்தக் கடிதத்தைச் சிறை அதிகாரி தமிழ் தெரிந்தவரை வைத்துப் படித்த பிறகுதான் உன்னிடம் தருவாராம். படிக்கட்டும். அதற்காகவே உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

எனக்கு முன்னால் நம் கிண்டி லாரி ஆபீசில் மேனேஜராக இருந்தவர் மயிலாப்பூர் கல்யாணராமன் சார். லாரிப் படியில்கூடக் கால் வைத்தவரில்லை. வழியில் போன் செய்து, “தூங்கினேளா?” என்று கேட்பார். இல்லை என்றால், “அப்போ ஓரமா நிறுத்திண்டு தூங்குங்கோ” என்பார். தூங்குவதற்காக நாம் பஞ்சர் என்று பொய் சொன்னாலும் அப்படியே நம்பி எழுதிக்கொள்வார். ஆனால் லோடு ஏற்றுமிடத்தில் நாள் முழுக்க நம்மை வெயிலில் நிறுத்தி வைப்பதைச் சொன்னால் அவருக்குப் புரியாது. அந்தக் கோபத்தில்தான் இருபது டிரைவர்கள் முதலாளியின் அடையாறு வீட்டு வாசலில் போய் நின்றோம். நீதான் பேசினாய். “ஸ்டியரிங் புடிச்ச ஆளு ஒருத்தன் அந்த சீட்ல குந்தணும் சார். எங்க கனகராஜப் போடுங்க.” போட்டார்கள். மாலை வாங்கி வந்தவனும் நீதான்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் என்ன செய்தேன்? நாம் சேர்ந்து சொன்ன பொய்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்தேன். பஞ்சர் ஒட்ட முக்கால் மணி நேரம் போதுமே, இன்னும் ஏன் கிளம்பவில்லை என்று கேட்டேன். அசதி என்று எவன் சொன்னாலும், நான் ஓட்டாத வண்டியா என்றேன். ஓட்டத் தெரியாதவரை உங்களால் ஏமாற்ற முடிந்தது. என்னிடம் முடியவில்லை. வண்டிகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. முதலாளி என்னைப் பாராட்டினார்.

ஏப்ரல் பதினேழாம் தேதி மதியம் ஒன்றரை மணிக்கு நீ கர்நாடகத்தில் தாவணகெரே தாண்டிப் போன் செய்தாய். “கண்ணு எரியுது மச்சி. ரெண்டு மணி நேரம் படுத்துக்கினு கெளம்புறேன்” என்றாய். நான் சொன்னது இது: “இன்னாடா, அதே ரோட்டுல ரெண்டு நாள் தூங்காம ஓட்டினவன்டா நானு. மூஞ்சியக் கழுவிக்கினு கெளம்பு.” நீ சரி என்றாய். ஒரு மணி நேரம் கழித்து ஸ்கூட்டரில் போன ஒரு தாயும் அவள் மகளும் உன் வண்டிக்கு அடியில் சிக்கிச் செத்துப்போனார்கள்.

அந்த இரண்டு நாள் கதையை நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தப் பயணத்தில் இரண்டு முறை ஸ்டியரிங்கிலேயே தூங்கிவிட்டேன். ஒரு முறை விழித்தபோது வண்டி சோளக்காட்டுக்குள் நின்றது. ரோட்டில் அப்போது யாரும் இல்லை. அவ்வளவுதான். அதைத்தான் திறமை என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போலீஸ் ஆபீசுக்கு வந்தபோது, ஓய்வெடுக்கச் சொல்லியும் டிரைவர் கேட்கவில்லை என்று எழுதியிருந்த தாளில் முதலாளி கையெழுத்துக் கேட்டார். போட்டேன். அதற்கு அடுத்த வாரம் வக்கீல் வந்து, யாரும் அவசரப்படுத்தவில்லை என்று நீ வாக்குமூலம் கொடுத்ததாகச் சொன்னார். என்னைக் காப்பாற்றியிருக்கிறாய். நான் உன்னைக் கைகாட்டிவிட்டு வந்த பிறகு.

கல்யாணராமன் சார் வீட்டுக்குப் போனேன். முழுவதையும் கேட்டார். என்னைத் திட்டவில்லை. “அன்னிக்கு அவர் எத்தனை மணி நேரம் தூங்கியிருந்தார்?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை, முத்து. நான் உன்னைக் கேட்கவே இல்லை.

நடந்ததை நடந்தபடி எழுத அவர்தான் உதவினார். கையெழுத்துப் போட்டு, அந்த அழைப்பு வந்த நேரம் பதிவாகியிருக்கும் என் போனோடு வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். நாளை தங்கச்சியிடமும் சொல்லிவிடுவேன். இனி ஆபீசுக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதைப் பற்றி நீ யோசிக்காதே.

நான் எழுதிக் கொடுத்தது மட்டும் போதாதாம். நீ மறுத்தால் அதற்கு மதிப்பில்லை என்கிறார் வக்கீல். பதினெட்டாம் தேதி உன்னைக் கோர்ட்டுக்குக் கொண்டுவருவார்கள். நானும் வருகிறேன். நீதிபதி கேட்கும்போது நட்பு, நன்றி என்று ஒன்றையும் மனதில் வைக்காதே. கனகராஜ்தான் கிளம்பச் சொன்னான் என்று சொல். அந்தப் பெண்ணின் கணவரும் அங்கே இருப்பார். அவர் காதில் விழும்படி சொல்.

அதன்பிறகு நீ என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சரி. நீ நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும்.

உன்,
கனகராஜ்