கிராணிக்கு நான் எடுத்துக் கொடுத்த தூண்டில்

14 ஜூன் 1943, திங்கள்

மழை. பங்களாவுக்குப் பின்னால் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நடுகிறோம். பள்ளிக்கூடத்தை மூடியதிலிருந்து நானும் மண்வெட்டி பிடிக்கிறேன். கொப்புளமெல்லாம் உடைந்து கை காய்த்துவிட்டது.

என் வீட்டுக்காரர் சிரில் சயாமுக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ரயில் பாதை வேலை, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். ஒரு தகவலும் இல்லை.

இன்று காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தோட்ட ஆபீஸ் கிராணி சிங்காரம் குடையைப் பிடித்துக்கொண்டு பெயர் கூப்பிட்டார். பக்கத்தில் அவருடைய தம்பி இருளப்பன், வெற்றிலை மென்றபடி. அவனைப் பார்க்கிற போதெல்லாம் வயிறு எரிகிறது. சிரில் போவதற்கு முந்தின சாயங்காலம் கங்காணி வந்து சயாமுக்கென்று சொல்லிவிட்டுப் போனது இருளப்பன் பெயரை. வரிசை வீடெல்லாம், லயமே கேட்டது. மறுநாள் விடிந்ததும் கிராணி கூப்பிட்டது சிரில் பெயரை. சிரில் என்னைத் திரும்பிப் பார்த்தார். லாரியில் ஏற்றிவிட்டார்கள். சட்டைகூட மாற்றவில்லை.

18 ஜூன்

ஜெபம் சொல்ல உட்கார்ந்தேன். தீமை செய்தவர்களைப் பொறுக்கிற அந்த வரி வந்ததும் வாய் நின்றுவிட்டது. அதை விட்டுவிட்டு மீதியைச் சொன்னேன்.

2 ஜூலை, வெள்ளி

கிராணி வீடு தேடி வந்தார். என் வீட்டுக்கு. நம்ப முடிகிறதா?

வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினார். "டீச்சர், ஒரு ஒத்தாசை வேணும்" என்றார்.

பங்களாவில் இருக்கும் ஜப்பான் கேப்டனுக்கு மீன்பிடிப் பைத்தியமாம். பழைய துரை விட்டுப்போன தூண்டில் நுனி ஒடிந்து கிடக்கிறதாம். ரிங்லெட்டுக்குக் கீழே ஆற்றில் போய்ப் போட நல்ல கம்பு ஒன்றை வாங்கிப் பரிசாகக் கொடுக்க வேண்டும். இறகுப் பூச்சி கட்டி வீசுவார்களே, அந்த வகை. கிராணிக்கு அதில் தலையும் தெரியாது வாலும் தெரியாது. துரைமார் கம்புகளைச் சிரில்தான் பழுது பார்ப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டு நூல் சுற்றித் தருவேன் என்பது தோட்டத்துக்கே தெரியும்.

"ரொம்ப உசத்தியா வாங்கினா தாப்பாவில இருக்கிற பெரிய ஆபீசர் பிடுங்கிக்குவான். மட்டமா வாங்கினா ஒடிஞ்சிரும், என் கன்னம் பழுத்துரும் லா. நடுத்தரமா, நாள்பட உழைக்கிறதா நீங்கதான் பார்த்து எடுக்கணும்."

மண்வெட்டியில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே கேட்டேன்.

"அரிசி தர்றேன். கேப்டன் மனசு குளுந்திருக்கிற நேரமா பார்த்து சிரிலப் பத்தியும் விசாரிக்கிறேன்."

சிரில் பெயரை அந்த வாய் சொல்கிறது. கூசாமல் சொல்கிறது.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அரிசிக்காக இல்லை. சிரிலுக்காகக்கூட இல்லை. அவர் "ஒடிஞ்சிரும்" என்று சொன்னபோதே என் மனசு வேறு இடத்துக்குப் போய்விட்டது.

3 ஜூலை

ஒடியட்டும். கேப்டன் கையிலேயே ஒடியட்டும். மீன் மாட்டி, அவன் பல்லைக் காட்டிச் சிரிக்கிற நேரத்தில் ஒடியட்டும். போன மாசம் கார் டயர் காத்துப் போனதுக்கே டிரைவரை முட்டி போட வெச்சு மிதிச்சவன். கிராணிய சும்மா விடுவானா? விடமாட்டான். லாரியில ஏத்துவான். ஏத்தட்டும். நான் நின்னு பார்ப்பேன்.

6 ஜூலை, செவ்வாய்

கிராணியோடு தோட்டத்து லாரியில் தானா ராத்தா போனேன். சீனர் லியோங்கின் மளிகைக் கடை. துரைமார் சிங்கப்பூருக்கு ஓடியபோது கடனுக்கு ஈடாக விட்டுப்போன சாமான்களெல்லாம் அவரிடம்தான் இருக்கின்றன. கம்புகளைத் துணியில் சுற்றிப் பின்னறையில் வைத்திருந்தார்.

மொத்தத்தையும் மேசையில் பரப்பினோம். ஒன்று மிக உசத்தி. மயில் கழுத்து நிறத்தில் நூல் கட்டு, கையில் எடுத்தால் எடையே இல்லை. கிராணி அதைத் தொட்டுவிட்டுப் பெருமூச்சோடு தள்ளி வைத்தார். சில முழு மூங்கில், சாயம் பூசியவை. அவற்றை நானே ஒதுக்கினேன். நடுத்தரத்தில் மிஞ்சியவை இரண்டு. ஒரே கம்பெனி, ஒரே நீளம். மூங்கிலைச் சீவி ஆறு சிம்பாக ஒட்டியது, தக்கைப் பிடி, பித்தளை மூட்டு. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்.

சிரில் பார்ப்பது போலவே பார்த்தேன். முதலில் மூட்டு. இழுத்தால் சின்னதாக ஒரு சத்தத்தோடு கழல வேண்டும், ஆடக் கூடாது. பிறகு கம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நுனியைக் கூரையில் ஊன்றி மெல்ல அழுத்தினால் வில் மாதிரி ஒரே சீராக வளைய வேண்டும். எங்காவது முழங்கை மாதிரி மடங்கினால் வாங்கக் கூடாது. நூல் கட்டை நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். வார்னிஷ் பளபளப்பு கடைசியில்தான்.

முதல் கம்பு கொஞ்சம் கனம். ஆனால் எங்கும் குறை இல்லை. நூல் நெருக்கமாகச் சுற்றியது, மூட்டு இறுக்கம். ஒரு ஆயுளுக்கு உழைக்கும்.

இரண்டாவது இன்னும் அழகு. கீழ் மூட்டுக்குப் பக்கத்தில் நூலுக்கு அடியில் என் நகம் இறங்கியது. இந்த மலை ஈரத்தில் பசை விட்டிருக்கிறது. மேலே வார்னிஷ் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கொஞ்ச நாள் தாங்கும். பெரிய மீன் ஒன்று திரும்பி இழுத்தால் பிளந்துவிடும்.

கிராணி பார்த்துவிட்டாரோ என்று திரும்பினேன். அவர் ஜன்னல் பக்கம் நின்று சுருட்டு பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"இதுவே இருக்கட்டும்" என்று அந்தக் கம்பைத் தூக்கிவிட்டேன்.

லியோங் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்த இடம் தெரியும். தெரிந்தே மேசையில் வைத்திருக்கிறார், பாவம், கிராணி அதிகாரமாக எல்லாவற்றையும் எடு என்றதால். அவர் மலாயில் மெதுவாகச் சொன்னார்: "கம்பு எந்தக் கடை என்று கேட்டால் இந்தக் கடையைத்தான் காட்டுவார்கள், டீச்சர்."

அவ்வளவுதான் சொன்னார். அவருடைய அண்ணனை ஜப்பான்காரன் வந்த முதல் மாதமே கூட்டிக்கொண்டு போனான். எங்கே என்று இன்றுவரை தெரியாது.

கீழே வைத்தேன். மற்றதை எடுத்துக் கொடுத்தேன். "இதுதான் உழைக்கும், கிராணி ஐயா" என்றேன்.

லாரியில் வரும்போது ரிங்லெட் வரை லியோங்கைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். ஏன் அந்த ஆள் முகத்தைப் பார்த்தேன்? பார்க்காமல் இருந்திருக்கலாமே.

19 ஜூலை

கேப்டன் ஆற்றில் கை நீளத்துக்கு ஒரு கெலா மீன் பிடித்தானாம். கம்பு அசையவே இல்லையாம். கிராணி முதுகில் தட்டிக் கொடுத்தானாம். லயம் முழுக்க இதே பேச்சு.

நான் எடுத்துக் கொடுத்த கம்பு அவரை உயர்த்திவிட்டது. என் கையாலேயே. சிரிலின் தொழிலைக் கொண்டே.

20 ஜூலை

அரிசி வந்தது. சொன்னதில் பாதி. சாப்பிட்டேன். வெட்கமாக இல்லை, பசித்தது.

"நானே பார்த்து எடுத்தேன்னு கேப்டன்கிட்ட சொல்லிட்டேன் டீச்சர்" என்றார் கிராணி. "பொம்பள எடுத்ததுன்னா மதிக்க மாட்டாரு லா. துரை காலத்துலேருந்தே எனக்கு இந்த வேலை அத்துப்படின்னு அடிச்சு விட்டேன்." சிரித்தார்.

"சிரிலைப் பற்றிக் கேட்டீர்களா?" என்றேன்.

"இன்னும் சமயம் வாய்க்கல."

8 செப்டம்பர்

மாதா பிறந்த நாள். சிரில் இருந்தால் பாயசம் கேட்பார். சமயம் இன்னும் வாய்க்கவில்லையாம்.

11 அக்டோபர், திங்கள்

காலையில் வேலைக்குப் போகும் வழியில் கிராணி ஓடி வந்து மறித்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

கேப்டனை சயாமுக்கு மாற்றிவிட்டார்களாம். அங்கே ரயில் பாதை பக்கத்தில் பெரிய ஆறு இருக்கிறதாம். கம்பைச் சுமக்க, மூட்டுக்கு மெழுகு போட, நூல் அறுந்தால் சுற்ற, தெரிந்த ஆள் வேண்டும். ஆகவே சிங்காரம் கூட வர வேண்டும் என்று உத்தரவு.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும் டீச்சர். பொய் சொன்னேன்னு நானே சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு, தப்பிக்கப் பார்க்கிறேங்கிறாரு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நான்தான் எடுத்தேன், இவனுக்குத் தெரியாதுன்னு. ரெண்டு அறையோட விட்டுருவாரு. பொம்பளைய சயாமுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டாங்க, உங்களுக்கு ஒரு பயமும் இல்ல."

"சயாம் அவ்வளவு மோசமா, கிராணி ஐயா?" என்று கேட்டேன். "மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

அவர் தலை தொங்கிப் போயிற்று. "இருளப்பன் என் கூடப் பொறந்தவன், டீச்சர்" என்றார்.

வருகிறேன் என்றேன்.

பங்களா வராந்தாவில் கேப்டன் கம்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். வெறும் பனியன். ஒல்லியான தோள்கள், தெருவில் பார்த்தால் பயப்படத் தோன்றாது. கிராணி குனிந்து நின்று, இந்தப் பெண்ணைக் கேளுங்கள் துவான் என்றார். அவன் என்னைப் பார்த்து மலாயில் கேட்டான்: இந்த ஆளுக்குக் கம்பு விஷயம் தெரியுமா, தெரியாதா?

எனக்கு அவசரமே இல்லை. ஈரத் தேயிலை வாசம் வந்தது. வராந்தாப் படியில் செவ்வந்தி பூத்திருந்ததைக்கூடப் பார்த்தேன்.

"நன்றாகத் தெரியும் துவான்" என்றேன். "இவரைவிட்டால் இந்த மலையில் வேறு ஆள் இல்லை."

கிராணி என்னைப் பார்த்தார். அன்று பெயர் கூப்பிட்டதும் சிரில் பார்த்தாரே, அதே மாதிரி.

12 அக்டோபர்

ஏற்றிவிட்டார்கள். நின்று பார்த்தேன்.

கிராணி மனைவி சீதா லாரிக்குப் பின்னாலேயே வளைவு வரை ஓடினாள். இருளப்பன் வெளியே வரவே இல்லை.

நன்றாகத் தூங்குவேன்.

13 அக்டோபர்

தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன். எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துவிட்டு வேறு மாதிரி சொல்லிக்கொள்ளக் கூடாது.

30 நவம்பர்

அடுத்த தடவை சயாமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேச்சு வந்ததும் இருளப்பன் ஓடிவிட்டான். கோலா தெர்லா பக்கம் காட்டுக்குள் போனதாகச் சொல்கிறார்கள். அண்ணிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டிலிருந்த உப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கிராணி வீட்டை வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். சீதா லயத்துக்கு வந்துவிட்டாள். என் நிரையிலேயே மரவள்ளி தோண்டுகிறாள். மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லை.

சந்தோஷமா? ஆமாம். கொஞ்சம்.

4 பிப்ரவரி 1944

சீதாவுக்குக் காய்ச்சல். நான் போகவில்லை. பிறகு போனேன். கஞ்சி வைத்துவிட்டு உடனே வந்துவிட்டேன்.

"அவரும் சிரில் அண்ணனும் அங்க ஒண்ணாதான் இருப்பாங்க, இல்ல டீச்சர்?" என்கிறாள். வராந்தாவில் நான் என்ன சொன்னேன் என்று அவளுக்குத் தெரியாது.

17 செப்டம்பர் 1944

சிரில் முகம் சில நாட்களில் சரியாக நினைவுக்கு வருவதில்லை. கிராணி முகம் வருகிறது.

9 செப்டம்பர் 1945, ஞாயிறு

சண்டை முடிந்துவிட்டது. ஜப்பான்காரன் கொடியை இறக்கிவிட்டான். கம்போங் ராஜாவிலிருந்து வந்தவர்கள் அங்கே பட்டாசு வெடித்ததாகச் சொல்கிறார்கள். இங்கே ஆட்டமும் இல்லை, பாட்டும் இல்லை. எல்லோரும் தாப்பா ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள்.

நானும்தான்.

22 நவம்பர் 1945, வியாழன்

சிங்காரம் வந்துவிட்டார்.

எலும்பும் தோலுமாக வருகிறவர்களைப் பார்த்துப் பழகிவிட்டது. இவர் அப்படி இல்லை. மெலிந்திருக்கிறார், கருத்திருக்கிறார், அவ்வளவுதான். சொந்தக் காலில் நடந்து மலையேறி வந்தார். முதலில் என் வீட்டுக்கு. சீதாவைப் பார்ப்பதற்கு முன்பே.

"உள்ள வரல டீச்சர். நின்னே சொல்லிடுறேன்."

சிரில் இல்லை.

நான் வராந்தாவில் அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன்பே இல்லை. அந்த வருடம் ஆகஸ்டிலேயே. வாந்திபேதி. கிராணி போய்ச் சேர்ந்ததும் கேம்ப் கேம்பாக விசாரித்திருக்கிறார். தாப்பா ஆள் ஒருவன் இடத்தைக் காட்டினானாம். எத்தனையோ பேரை ஒன்றாகப் போட்ட மேடு. மூங்கிலில் ஒரு சிலுவை கட்டி நட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். "எப்படிக் கட்டுறதுன்னு தெரியல. ரெண்டு தடவை அவுந்துருச்சு. மூணாவது தடவை நின்னுச்சு."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வரவில்லை. கேட்டேன்: "நீங்கள் எப்படிப் பிழைத்தீர்கள்?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் கம்புதான். தினம் சாயங்காலம் கேப்டன் ஆத்துக்குப் போவான். நான் சுமந்துட்டுப் போவேன். சுத்தமா எதுவும் தெரியாம, பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டேன். அது ஒடிஞ்சிருந்தா அடுத்த நாளே என்னையும் மண்ணு வெட்ட அனுப்பியிருப்பான். ரெண்டு வருஷம், ஒரு நூல்கூடப் பிரியல. மிச்ச மீன எனக்குப் போடுவான். அத தின்னுதான் இருந்தேன்."

"சாவதற்குத்தான் உங்களை அனுப்பினேன்" என்றேன். யாரோ பேசுவது போலிருந்தது.

"தெரியும் டீச்சர்."

"தெரிந்தும் என் வாசலில் வந்து நிற்கிறீர்களா?"

"வேற எங்க போய் நிக்கிறது?"

கதவைச் சாத்திவிட்டேன்.

25 நவம்பர்

ரெண்டு கம்புல எது வேணும்னு கேட்டா ஏன் நல்லத எடுத்தேன்? எதுக்கு எடுத்தேன்? பசை விட்டத கொடுத்திருந்தா இவன் போயிருப்பான். லியோங்கும் போயிருப்பாரு. சிரில் எப்படியும் வந்திருக்க மாட்டாரு. எல்லாக் கணக்கையும் போட்டுப் பார்த்துட்டேன். எதுவும் சிரில்ல வந்து முடியல.

16 டிசம்பர் 1945, ஞாயிறு

தாப்பாவிலிருந்து சாமியார் வந்து சிரிலுக்குப் பூசை வைத்தார். சயாமுக்குப் போய் வராத மற்றவர்களுக்கும் சேர்த்து. கோயில் ஓலைக் கூரை ஒழுகியது. லியோங் மெழுகுவர்த்தி கொடுத்தனுப்பியிருந்தார்.

சீதா வந்து என் பக்கத்தில் முழங்காலிட்டாள். எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று தெரியாமல் என்னையே பார்த்துப் பார்த்துச் செய்தாள். வராந்தாவில் நடந்தது அவளுக்கு இன்னும் தெரியாதா, சிங்காரம் சொல்லிவிட்டாரா? கேட்கவில்லை. ஒரு இடத்தில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். விடுவித்துக்கொள்ளவில்லை.

சிங்காரம் கோயிலுக்கு வெளியே மழையில் நின்றார். குடை இல்லை. பூசை முடியும் வரை நின்றார். அவரை உள்ளே கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை.