முப்பத்தோராவது கட்டம்

12.11.73, திங்கள்
காலையிலிருந்து தூறல். இடது முழங்கால் வலி. சவரம் செய்யவில்லை.

புது இன்ஜினியர் ராவ் நிரப்பித் தரச் சொல்லி ஒரு ஃபாரம் கொடுத்தார். பெங்களூரில் கம்ப்யூட்டர் இருக்கிறதாம். இரும்புத் தண்டின் அளவுகளைக் கொடுத்தால், அது பாரம் தாங்குமா, உடையுமா என்று சொல்லிவிடுமாம். கேட்பது என் தண்டைப் பற்றி. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் வைண்டிங் இன்ஜினில், கம்பி வடம் சுற்றும் டிரம்மைச் சுமந்து சுழல்கிற தண்டு. கேஜ் என்கிற கூண்டும் அதில் நிற்கிற ஆட்களும் தொங்குவது இந்தத் தண்டில்தான். கணக்கு நான் போட்டது, படம் நான் வரைந்தது.

"உங்களுக்குத்தான் எல்லா அளவும் தெரியும், மேஸ்திரி."

சர்டிபிகேட் இல்லாதவன் என்று இருபது வருஷம் ஒதுக்கினார்கள். இப்போது அளவு கேட்க மட்டும் நான் வேண்டும்.

ஃபாரத்தில் 31 கட்டங்கள். முப்பதை நிரப்பினேன்.

13.11.73, செவ்வாய்
கடைசிக் கட்டம்: தண்டு பருத்த இடத்திலிருந்து சிறுக்கும் மூலையின் வளைவு எவ்வளவு?

படத்தில் கால் அங்குலம். தண்டில் அது இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன் பேரிங் ஏற்றும்போது அந்த வளைவு இடித்தது, பேரிங் உள்ளே உட்காரவில்லை. இடையில் ஒரு வளையம் கடைந்து போட்டிருக்க வேண்டும், அரை நாள் வேலை. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். லேத்காரனிடம், "வளைவை எடுத்துடு" என்றேன். கத்தி மாதிரி மூலை. படத்தைத் திருத்தவில்லை.

எழுதினேன்: கால் அங்குலம். படத்தில் அப்படித்தானே இருக்கிறது.

வாங்க: மண்ணெண்ணெய், சவர பிளேடு, வெற்றிலை.

19.11.73, திங்கள்
வெயில். பெங்களூரிலிருந்து முடிவு வந்துவிட்டது. இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட நீளக் காகிதம். என் கணக்கும் அதன் கணக்கும் ஒன்று.

ராவ் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "கம்ப்யூட்டரே மேஸ்திரிக்கு சலாம் போட்டிருக்கு." ஒரு நகல் கேட்டு வாங்கினேன். டிரங்குப் பெட்டியில், வேட்டிக்கு அடியில். இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன்.

21.11.73, புதன்
தண்டுக்கு இவ்வளவு பலம் இருக்கிறதே என்று கேஜுக்குள் ஆட்கள் நிற்க இன்னொரு தட்டு போடுகிறார்கள். திங்கள் முதல் ஷிப்டிலிருந்து அதிக ஆட்கள்.

மாப்பிள்ளை சேகர் வந்தான். முதல் ஷிப்ட் அவன்.
"இன்னா மாமா, ஒங்க தண்டுக்கு பெங்களூர்ல பாஸ் மார்க்காமே! இனிமே கண்ண மூடிக்கினு எறங்கலாம்."
காப்பி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை தீர்ந்துவிட்டது.

22.11.73, வியாழன்
கத்தி மூலை, புது பாரம். மறுபடி கணக்கு. கைப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரைகோடு உண்டு. மூலை கூர்மையாக ஆக ஆக அங்கே குவியும் அழுத்தம் மேலே ஏறும். என் மூலைக்கு அது பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. விடையே இல்லை.

பதினோரு வருஷம் ஓடியிருக்கிறது, அது சாட்சி இல்லையா? இல்லை. இரும்பு களைத்துக்கொண்டே ஓடும்.

ராவிடம், பேரிங்கைக் கழற்றிப் பாருங்கள் என்றேன்.
"கம்ப்யூட்டர் சொல்லிடுச்சே! நீங்க கொடுத்த அளவுதானே? வைண்டரை ஒரு நாள் நிறுத்தணும்னா காரணம் எழுதிக் கொடுங்க, மேஸ்திரி."

23.11.73, வெள்ளி
காரணம் எழுதிக் கொடுக்கவில்லை. கேஜுக்குப் புதுத் தட்டை வெல்டிங் வைக்கிறார்கள், வேலை சுத்தம். முழங்கால் வலி.

24.11.73, சனி
எழுதிக் கொடுத்தேன். ஐந்து வரி. 31-வது கட்டத்தில் இருப்பது பொய், தெரிந்தே எழுதினேன், கையெழுத்து. மன்னிப்பு என்ற வார்த்தை இல்லை. அன்று கடிகாரம் பார்த்து நின்ற மேனேஜர் யாரிடமாவது மன்னிப்பு கேட்டாரா?

ராவ் இரண்டு முறை படித்தார். "யாக்கே மேஸ்திரி?" என்று கன்னடத்தில் கேட்டார். ஏன் என்று. பேனாவை மூடிப் பைக்குள் வைத்தேன்.

25.11.73, ஞாயிறு
குளிர். பேரிங்கைக் கழற்றினோம். மூலையில் மண்ணெண்ணெய் தடவினோம், துடைத்தோம், சாக்பீஸ் பொடி பூசிக் காத்திருந்தோம். வெள்ளையில் மெல்ல ஒரு கறுப்புக் கோடு ஊறி வந்தது. விரிசல். தலைமுடி கனம். பாதிச் சுற்றுக்கு மேல்.

பிட்டர், "தேவுடா" என்றான். ராவ் கருவிப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

26.11.73, திங்கள்
வைண்டர் நிற்கிறது. ஆட்கள் பக்கத்துச் சுரங்கக் குழி வழியாக இறங்குகிறார்கள்.

மெமோ வந்தது. சஸ்பென்ஷன். முழுப் பெயர், இனிஷியல் சரியாக டைப் அடித்திருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. ஓட்டைக் காகிதத்தின் நகலைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்தேன்.

சாயங்காலம் சேகர். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றான்.
"பதினோரு வர்சமா தெரியுமா மாமா?"
"தெரியும்."
"நான் அந்த கேஜ்லதான் போறேன்னு தெரிஞ்சி பொண்ணு குட்த்தீங்களே, அப்பவும்?"
"உள்ள வா, காப்பி போடறேன்" என்றேன்.
"அப்பவும் தெரியுமா மாமா?"
தெரியும் என்றேன்.