பக்கத்தில் வந்தால் சம்மதமா?

3 பிப்ரவரி 2026, செவ்வாய்

காலையில் ஆத்தில் இருந்தவர்கள்: கூடத்தில் இவர். பேப்பர் வாங்க வந்து, போகாமல் உட்கார்ந்துவிட்ட எதிர்வீட்டு ரகுநந்தன். கையில் டேப்லெட்டோடு பெலிண்டா என்ற பெண், கருத்துக் கணிப்பு எடுக்கிறவள். பெருமாள் உள்ளில் நான், பாராயணத்தில்.

அணுமின்சாரத்தைப் பற்றி நாடு முழுக்க ஜனங்களைக் கேட்கிறார்களாம். தனியாரும் நடத்தலாம் என்று மார்கழியில் சட்டம் வந்ததிலிருந்து எங்கும் இதே பேச்சு. வீட்டுக்கு ஒருவரை அந்தக் கருவியே பொறுக்குமாம். எங்கள் இருவர் பெயரையும் போட்டதில் என் பெயர் வந்தது.

பாராயணத்தின் நடுவில் நான் பேசமாட்டேன். கல்யாணமான நாளிலிருந்து இவருக்குத் தெரியும். அவளைக் கொஞ்சம் இருக்கச் சொல்லியிருக்கலாம்.

"அவளுக்கும் எனக்கும் ஒரே அபிப்பிராயம்தாம்மா. நான் சொல்றேன், எழுதிக்கோ."

"அம்மாகிட்டதான் சார் கேக்கணும்..." என்று அந்தப் பெண் இழுத்தாள்.

ரகுநந்தன் சிரித்தார். "இந்த ஆத்துல அம்மாவுக்குத் தனி ஓட்டு கிடையாதும்மா."

எல்லாம் காதில் விழுந்தது. நாட்டுக்கு அணுமின்சாரம் வேண்டுமா? வேண்டும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நிலையம் வந்தால் சம்மதமா? "தாராளமா!" ஆக, செண்பகவல்லி, வயது 59, தாராளமாகச் சம்மதம். நான் வெளியே வந்தபோது காலி டம்ளர்களும், அவள் ஃபோன் நம்பர் எழுதிய சீட்டும்தான் இருந்தன.

4 பிப்ரவரி, புதன்

கேட்டேவிட்டேன்.

"ஏன்னா, என்னைக் கேக்காம எப்படிச் சொன்னேள்?"

"மாதுரி கல்பாக்கத்துல வேலை பண்றா. பெத்த பொண்ணோட வேலையை வேண்டாம்னு சொல்லுவியா நீ?"

"எதிராத்து மாடியில செல்ஃபோன் டவர் வரக்கூடாதுன்னு வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்கினது யாரு?"

"டவர் வேற, இது வேற."

எப்படி வேறு என்றேன். மோர் கேட்டார்.

5 பிப்ரவரி, வியாழன்

பால் கணக்கு சரிபார்த்தாயிற்று. அவர் சொன்னது என் பதில் இல்லை, சரி. என் பதில் எது? அதுவும் தெரியவில்லையே!

7 பிப்ரவரி, சனி

பத்தாவதோடு நின்றவள் நான். பேப்பரில் புரியாததை மாதுரியிடம் கேட்டுக்கொள்வது வழக்கம். உலையில் எரிந்து முடிந்ததை என்ன செய்வீர்கள் என்று ஃபோனில் கேட்டேன். வருஷக்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் குளிரவைப்பார்களாம். மறுபடி உபயோகமாகிறதைப் பிரித்து எடுத்துக்கொண்டு, மிஞ்சுகிறதைக் கண்ணாடியோடு உருக்கிப் பூட்டிவைப்பார்களாம்.

"எத்தனை நாளைக்குடி?"

"ரொம்ப நாளைக்கும்மா."

"உன் பேரன் காலம் வரைக்குமா?"

"அதுக்கும் மேல. ஏன், பயமா இருக்கா? நான் இங்கதானே இருக்கேன்."

அவளுக்குப் பயமில்லை. எனக்கு? நாட்டுக்கு வேண்டும் என்றே தோன்றுகிறது. சித்திரையில் கரண்ட் போனால் முதலில் புலம்புகிறவள் நான்தான். ஆனால் நம் கொள்ளிடக் கரையில் வரட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. இங்கே வேண்டாம் என்றால் வேறு யார் வாசலில்?

10 பிப்ரவரி, செவ்வாய்

கணிப்பு ஆபீஸிலிருந்து தைரியராஜ் என்பவர் இவருடைய செல்லில் கூப்பிட்டார். மேற்பார்வையாளராம், சரிபார்க்கிறாராம். "எங்க பெலிண்டா அம்மாகிட்ட நேர்ல பேசினாங்களா?" என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். "பேசினா சார்" என்றார்.

கோயிலில் தீர்த்தம் வாங்கிக்கொண்டு அப்போதுதான் வந்திருந்தார். அந்த வாயா! ஐயோ, எதுக்கு இது? யாரு கேட்டா இவரை? சீட்டைத் தேடி எடுத்துப் பெலிண்டாவைக் கூப்பிட்டேன்.

12 பிப்ரவரி, வியாழன்

பெலிண்டா வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"ஆபீஸ்ல சொல்லிடாதீங்கம்மா. ஒண்ணு தப்புன்னு தெரிஞ்சா இந்த வாரம் நான் எடுத்ததையெல்லாம் தள்ளிடுவாங்க, கூலியும் வராது. நானா மாத்தலாம்னா முடியாது, டேப்லெட் பூட்டிக்கிச்சு."

"கருவி கிடக்கட்டும். இப்போ என்னைக் கேளு."

கேட்டாள். நாட்டுக்கு? வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில்? வேண்டாம். சொன்னதும் வெட்கமாக இருந்தது.

"நிறையப் பேரு இப்படித்தாங்க சொல்றாங்க. உறையூர்லயும் இதேதான்."

"உன் பதில் என்ன?"

"நான் சொல்லக் கூடாதுங்க." நான் கொடுத்த மோரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள். "எங்க அம்மா ஊரு தெக்க, கடக்கரை. வாசல்ல நின்னா உலை தெரியும். வேணாம்னு போராட்டப் பந்தல்ல போய் உக்காந்தவங்க அம்மா. இப்ப என் தம்பி அங்கேயே காண்ட்ராக்ட்ல வேலை பாக்குறான். அம்மா என்ன நெனைக்கிறாங்கன்னு இந்த டேப்லெட்டைத் தூக்கிட்டு யாரும் போகலைங்க."

13 பிப்ரவரி, வெள்ளி

ஏகாதசி. சொன்னால் அந்தப் பெண்ணுக்குக் கஷ்டம். சொல்லாவிட்டால் என் பெயரில் பொய். பெருமாளே.

14 பிப்ரவரி, சனி

தைரியராஜுக்கு எழுதிவிட்டேன். அனுப்பும் முன் பெலிண்டாவுக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன். அவள் கூலியைப் பற்றிய வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். பிறகு, "சரிங்கம்மா, அனுப்புங்க" என்றாள்.

இவரிடமும் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து இரண்டு தரம் படித்தார். "என்னை நன்னா மாட்டிவிட்டுட்டே" என்றார். கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். பேனா கேட்டார்.

அனுப்பிய கடிதத்தின் நகல்:

திரு. தைரியராஜ் அவர்களுக்கு,

பிப்ரவரி 3 அன்று என் பெயரில் பதிவான பதில்கள் என்னுடையவை அல்ல. நான் பாராயணத்தில் இருந்ததால் பேசவில்லை. என்னிடம்தான் கேட்க வேண்டும் என்று பெலிண்டா சொன்னாள்; நாங்கள்தான் கேட்கவில்லை. அவள் கூலியில் கை வைக்காதீர்கள்.

என் பதில்: நாட்டுக்கு வேண்டும். என் வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் நியாயமாக இல்லை என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் இதுதான் என் பதில். உலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களை முதலில் கேளுங்கள்.

செண்பகவல்லி

அன்று பதில் சொன்னது நான். ஃபோனில் உங்களிடம் சொன்னதும் பொய். மன்னிக்கவும். திருத்த முடியுமா, முடியாதா என்று என் மனைவிக்குச் சீக்கிரம் பதில் போடவும்.

வரதன்