மஸ்கட்டுக்கு மூன்றரை மணி நேரம்

அன்பு மகள் சுவாதிக்கு, மத்திகிரியிலிருந்து அம்மா மங்கம்மா எழுதுவது.

இந்தக் கடிதத்தை மாதேஸ்வரி உன் கையிலேயே கொடுப்பாள். லீவுக்கு வந்தவள் நாளை மஸ்கட் திரும்புகிறாள். நீ செக்கப்புக்குப் போகிற ஆஸ்பத்திரியில் நம் ஊர்ப் பெண் ஒருத்தி நர்ஸாக இருப்பது தெய்வச் செயல்தான். போனில் பேசினால் மாப்பிள்ளை ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். "சாப்ட்டியா கண்ணு" என்பதைத் தாண்டி எனக்கு வாய் வருவதில்லை. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

வளைகாப்புக்கு உன்னை அனுப்புவதாக அவர் சொன்ன அன்று நானும் அப்பாவும் பெங்களூர் ஏர்போர்ட்டில் நின்றோம். மஸ்கட் விமானம் இறங்கியதாகப் பலகையில் போட்டார்கள். பெட்டி தள்ளிக்கொண்டு எல்லோரும் வந்தார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி யார் வந்தாலும் நீ என்று நினைத்து அப்பா கையை ஆட்டினார். பைலட்கூட வெளியே போன பிறகுதான் செய்தி வந்தது, டிக்கெட் கேன்சல், பிரசவம் அங்கேயே என்று. 

பாஸ்போர்ட்டை அவர் பூட்டி வைத்திருப்பதையும், வேலைக்குப் போகும்போது வீட்டையே வெளியில் பூட்டிப் போவதையும் மாதேஸ்வரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்பாவிடம் சொன்னேன். "கட்டிக் குடுத்தாச்சு. இழுத்துகினு வந்தா ஊரு என்னா பேசும்?" என்று கேட்டுவிட்டு, தக்காளிக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கும் இந்த வீடு பூட்டிய வீடுதான்.

மனசு கேட்கவில்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டிக்கெட் ஆபீஸில் வேலை செய்யும் நிர்மலாவிடம் போய், மஸ்கட் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் இரண்டு ஏர்போர்ட்டையும் போட்டாள். கடல்மேல் ஒரு கோடு விழுந்தது. இரண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மூன்றரை மணி நேரமாம். தப்பாகச் சொல்கிறாள் என்று மறுபடி போடச் சொன்னேன். பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நம் வீட்டிலிருந்து ஏர்போர்ட் போகவே அவ்வளவு நேரம் ஆகிறதே! ஊத்தங்கரை அத்தையைப் பார்த்துத் திரும்புவதற்குள் நீ வந்து இறங்கிவிடலாம். இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறவளை நான் கடல் தாண்டிப் போய்விட்டாள் என்று அழுதுகொண்டிருந்தேன்.

மாதம் ஏறிவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம். பாஸ்போர்ட் கையில் இல்லையென்றால் நம் தூதரகத்தில் போய் நடந்ததைச் சொல்ல வேண்டுமாம், ஊர் திரும்ப வழி செய்வார்களாம். அடுத்த செக்கப்புக்கு அவர் உன்னை இறக்கிவிட்டுப் போனதும், மாதேஸ்வரி உன்னை அங்கே கூட்டிப் போகிறாள். எத்தனை நாள் ஆனாலும் அவள் ரூமிலேயே தங்கிக்கொள். துணிமணிக்காக அந்த வீட்டுக்குத் திரும்பாதே.

இன்று அப்பா ராயக்கோட்டை மண்டியில் தக்காளியை இறக்கிவிட்டு வரும்போது ஒரு தொட்டில் வாங்கி வந்தார். எதற்கு என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமலே, "குழந்தை இங்கதான பொறக்கப் போவுது" என்றார்.

பயப்படாதே என்று எழுதக் கை வரவில்லை, எனக்கே பயமாக இருக்கிறது. பயந்துகொண்டே வந்துவிடு, கண்ணு. உன்னையும் வயிற்றில் இருப்பதையும் மாரியம்மா நல்லபடியாக இறக்கிவிடட்டும்.

வழி பார்த்திருக்கும்,
அம்மா