ரெண்டு செகண்டுக்கு ஒரு தரம்

என் செல்லம் பட்டாணிக்கு, ஆண்டவன் புண்ணியத்துல நானும் சித்தப்பாவும் நல்லா இருக்கோம், நீயும் அங்க நேரத்துக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாம இருக்கணும்னு தினமும் சாமிகிட்ட கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நலம் விசாரிச்சது இதோட முடிஞ்சுது, இனிமே திட்டுதான், உக்காந்து படி. போன்ல திட்டினா "சித்தி, மீட்டிங்ல இருக்கேன்"னு கட் பண்ணிடுவ, கடிதாசியை அப்படிப் பண்ண முடியாதுல்ல, அதான்.

லீவுக்கு வந்தப்ப பழைய கம்ப்யூட்டர்ல இருந்ததையெல்லாம் அழிச்சு லினக்ஸ்னு ஒண்ணைப் போட்டுட்டு, இனிமே பறக்கும் பாருன்னு சொல்லிட்டுப் போன. பறந்துச்சு, சித்தப்பாவோட நிம்மதிதான் பறந்துச்சு. நீ பிளேன் ஏறின மறுநாள் காலையில பிரார்த்தனைக்கு உக்காந்தோம், வழக்கம்போல அவரே சிடியை உள்ள தள்ளினாரு. பாட்டு ஒரு வரி வருது, நிக்குது, விக்குது, மறுபடி பாதி வரி வருது. தொண்டை ஆபரேஷனுக்கு முந்தின வாரம் ஜன்னலைச் சாத்தி ஃபேனை நிறுத்தி அவர் பாடி வச்ச பதினோரு பாட்டு அது, அதுக்கப்புறம் அந்தக் குரல் உலகத்துல வேற எங்கயும் இல்ல. நாலாவது பாட்டுல, நான் அடுப்பை அணைக்க மறந்து குக்கர் விசில் அடிக்குமே, அந்த விசில்கூட மூணு துண்டா வந்துச்சு.

உனக்குப் போன் பண்ணேன். சிடியை நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நேராத் துடை, சுத்திச் சுத்தித் துடைக்காதேன்ன. நாலு நாள் துடைச்சேன், என் மூக்குக்கண்ணாடியைக்கூட நான் அப்படித் துடைச்சதில்ல. ரெண்டாவது தடவை, சிடி கீறல் விழுந்திருக்கும், தூக்கிப் போடுன்ன. மூணாவது தடவை சொன்ன பாரு, "அந்தப் பாட்டையெல்லாம் நெட்ல நூறு பேர் இதைவிட நல்லாப் பாடியிருக்காங்க சித்தி, லிங்க் அனுப்பறேன்"னு. போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு, அவர் பக்கத்துல உக்காந்திருந்தாரு. அவருக்குப் பேச்சுதான்டா போச்சு, காது போகல. எப்பவும் நோட்டுல ஏதாவது எழுதிக் காட்டுவாரு, அன்னிக்கு எழுதல. எந்திரிச்சுப் போய் சிடியை எடுத்து உறையில போட்டு பீரோவுல துணிக்கு அடியில வச்சிட்டாரு. அன்னிலேர்ந்து பிரார்த்தனைக்கு என் பாட்டுதான், என் குரல் உனக்குத் தெரியும், சாமியே காதைப் பொத்திக்கும். என் அக்கா உன்னை மூணு வயசுல விட்டுட்டுப் போனப்ப நீ தூங்காம அழுவியே, உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கூடத்துக்கும் வாசலுக்கும் நடையா நடந்து பாடினது அந்த நூறு பேரா? சொல்லு.

எனக்கு ஆத்திரம் அடங்கல. அவருக்குத் தெரியாம சிடியைப் பையில போட்டுக்கிட்டு ஜெராக்ஸ் கடைக்காரம்மாகிட்ட போனேன். அங்கயும் லினக்ஸ்தான், அங்க போட்டா கணீர்னு வருது! அப்போ சிடி மேல தப்பில்ல. பாவம், அந்தம்மா கடையைச் சாத்திட்டு வீட்டுக்கே வந்தாங்க. கம்ப்யூட்டருக்குள்ளயே இருக்கற வேற பாட்டைப் போட்டாங்க, நல்லா வந்துச்சு, அப்போ ஸ்பீக்கர் மேலயும் தப்பில்ல. சிடியிலேர்ந்து பாட்டைக் கம்ப்யூட்டர் முன்கூட்டியே படிச்சு வச்சுக்கற அளவைக் கூட்டிப் பாத்தாங்க, விக்கல் கொஞ்சம் தள்ளி வந்துச்சே தவிர நிக்கல. அப்புறம் கறுப்பா ஒரு ஜன்னலைத் திறந்து உள்ள என்னென்ன ஓடுதுன்னு விரல் வச்சுப் படிச்சிட்டே வந்தவங்க, "பட்டாணின்னு ஒண்ணு ஓடுதே, யாரும்மா அது?"ன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நீ உன் பேர்லயே எழுதி வச்ச புரோகிராம்தான்! சிடி உள்ள போனதும் சித்தப்பா எதையும் தொடாம பாட்டு தானா ஆரம்பிக்கணும்னு எழுதியிருக்க. நல்ல எண்ணந்தான், இல்லேங்கல. ஆனா பாட்டு ஆரம்பிச்சப்புறமும் ரெண்டு செகண்டுக்கு ஒரு தரம் சிடி டிரைவைத் தட்டி, சிடி இருக்கா, சிடி இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருக்கு. அது பாடுமா, உனக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருக்குமா? மூணு தடவை போன் பண்ணேனே, இப்படி ஒண்ணு எழுதி வச்சோம்னு ஒரு தடவையாவது உனக்கு நினைவு வந்துச்சா?

அந்தம்மா அதை நிறுத்தினாங்க, விக்கல் நின்னுச்சு. நாலாவது பாட்டு வந்துச்சு, விசில் முழுசா அடிச்சுது. உள்ள படுத்திருந்தவர் எந்திரிச்சு வந்து அடுப்படியைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, சிரிச்சாரு. இதை அழிச்சிடவான்னு அந்தம்மா கேட்டாங்க, அவர் கீபோர்டு மேல கையை வச்சு மறைச்சிட்டு நோட்டுல எழுதினாரு, "வேண்டாம். பையன் எழுதினது. அவனே திருத்துவான்." அதனால தினமும் கம்ப்யூட்டரைப் போட்டதும் அது முழிச்சுக்கும், அந்தம்மா எழுதிக் குடுத்த ஒரு வரியை நான் ஒவ்வொரு எழுத்தாத் தட்டி அதை நிறுத்தறேன். இந்த வயசுல எனக்கு இது ஒரு வேலை.

நீ எழுதினது ரெண்டு செகண்டுக்கு ஒரு தரம் கேக்குது. எழுதின நீ, இந்த நாலு மாசத்துல போனை அவர்கிட்ட குடுன்னு ஒரு தரம் கேட்டியா? நானே குடுக்கறேன்னப்பவும், "பேச முடியாதவர்கிட்ட என்ன பேசறது"ன்ன. நீ பேசு, அவர் கேப்பாரு. ஆமான்னா ஒரு தட்டு, இல்லன்னா ரெண்டு தட்டு, போன் மேலயே தட்டுவாரு.

உனக்கு நூறு ஆயுசு குடுத்து, கூடவே கொஞ்சம் புத்தியும் குடுக்கச் சொல்லி ஆண்டவனை வேண்டிக்கறேன். ஞாயித்துக்கிழமை காலையில பிரார்த்தனை முடிஞ்சதும் போன் பண்ணு, என்கிட்ட ஒண்ணும் பேச வேண்டாம். நெட்டுல பாடின நூறு பேரைப் பத்திச் சொன்னதுக்கு அவர்கிட்ட மன்னிப்பு கேளு, ஒரு தட்டு கேக்கற வரைக்கும் போனை வைக்காதே.

கோபம் ஆறாத,
உன் சித்தி.