இருபது எண்ணாத மதியம்

நேற்று கரண்ட் வேலைக்கு வந்தவர் பழைய பீஸ் கட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வெள்ளைப் பீங்கான். அதன் வழவழப்பு பட்டதும் உன் ஞாபகம் வந்தது, கூடவே வெட்கமும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் பெண்கள் வார்டில் நாம் இருவரும் நர்ஸ்கள். பீங்கான் கம்பெனிப் பெண்கள் இடுப்பு வலியோடு வந்து படுப்பார்கள். ஊசி, மாத்திரையோடு நீ ஒத்தடமும் கொடுப்பாய். கம்பெனியில் கழித்துப்போட்ட பீஸ் கட்டைகளைக் கொதிநீரில் போட்டெடுத்து, துணியில் சுற்றி, முதலில் உன் முன்கையில் வைத்து இருபதுவரை எண்ணுவாய். "பீங்கான் சூடு ஒடனே தெரியாதுடி, மெதுவாதான் துணியத் தாண்டி வரும்" என்பாய். "என்னா டாக்டரம்மா, எண்ணி முடிச்சாச்சா?" என்று நான் கேலி செய்வேன்.

நீ சாப்பிடப் போயிருந்த ஒரு மதியம், சர்க்கரை நோயுள்ள ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டார். "காலு சில்லுனு இருக்குதும்மா, அந்தக் கட்டைய வச்சி வுடேன்."

நான் எண்ணவில்லை. வைத்துவிட்டு மாத்திரை கொடுக்கப் போய்விட்டேன். மரத்துப்போன கால், சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. நீ திரும்பியபோது பாதத்தில் எலுமிச்சை அளவுக்குக் கொப்புளம்.

யார் செய்தது என்று டாக்டர் கேட்கவே இல்லை. "உங்க கைவைத்தியத்த எல்லாம் இன்னியோட நிறுத்துங்க" என்று உன்னிடம்தான் கத்தினார். நீ ஒருமுறை என்னைப் பார்த்தாய். நான் மாத்திரைத் தட்டைப் பார்த்தேன். "என் தப்புதான் சார்" என்றாய்.

உன்னை நல்லூர்ப் பக்கம் மாற்றினார்கள். கிளம்பும்போதும், "அந்தம்மாவுக்குத் தெனமும் கட்டு மாத்திடுடி, போயிட்டு வரேன்" என்றுதான் சொன்னாய். கட்டு மாற்றினேன். உண்மையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்கு ஆபத்து வருமோ என்ற பயம், வேறொன்றுமில்லை.

பல வருடம் கழித்து, நீ இறந்தபோது உன் காரியத்துக்கு வந்திருந்தேன். உன் கணவர் டீ கொடுத்தார். "யாரோ ஒருத்தவங்க கால சுட்டுட்டேன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்துச்சிங்க" என்றார். வீட்டில்கூட நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். என்னைப் போல ஒரு கோழை உண்டா?

இப்போது எனக்கு முழங்கால் வலி. நேற்று கழற்றிய அந்தக் கட்டையையே சுடவைத்து, துணி சுற்றி, முன்கையில் வைத்து எண்ணினேன். பதினைந்துக்கு மேல்தான் சூடு தெரிந்தது, நீ சொன்னபடியே.

நாளை இந்த மடலோடு உன் கணவரைப் பார்க்கப் போகிறேன். இந்தமுறை டீ வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.